பனிமலை நீரும் கொடிமுந்திரியும்

கடைமடை நிலம் என்றால் இன்னதென்று விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் நம் நேயர்களில் பலருக்கு இராது. ஆற்றில் நீர் வந்து, தலைமடைக்காரர் நாற்றுவிட்டு நடவையும் முடித்த பிறகும், வாய்க்காலின் வால்முனையில் இருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். அத்தகைய ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் நள்ளிரவில் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக முறைத் தண்ணீருக்குப் புறப்படுவதைச் சிறு வயதில் பலமுறை கண்டிருக்கிறேன். சில இரவுகளில் நானும் உடன் சென்றதுண்டு. நீர்க்கட்டி வந்து மடையைத் திறக்கும் வரையில் வரப்பிலே குந்தியிருப்போம். நீர் வரும்போது முதலில் ஓசைதான் வரும். காய்ந்த சருகுகளை அது தள்ளிக்கொண்டு வரும் சலசலப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. வாராத இரவுகளும் இருந்தன. அப்போது தந்தையார் ஒன்றும் பேசாமல் வீடு திரும்புவார்.

இந்த நினைவு மீண்டும் என் உள்ளத்தில் எழுந்தது, தென்னமெரிக்காவின் திராட்சை மதுவைப் பற்றிய வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் என்றால் சிலருக்கு நகைப்புத் தோன்றக்கூடும். நான் மது அருந்தும் வழக்கமுடையவன் அல்லேன். அதன் சுவையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஆண்டிஸ் மலையடியில் கொடிமுந்திரி பயிரான கதையைத் தொடங்கினால், அது விரைவிலே வாய்க்காலின் கதையாகவும் மடையின் கதையாகவும் மாறிவிடுகிறது. அந்தப் பகுதி எனக்குப் புரிகிறது.

அர்ஜென்டினா நாட்டின் மேற்கெல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது மெண்டோசா மாநிலம். நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. அதற்கு மேற்கே நிலம் படிப்படியாக உயர்ந்து, 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கோன்காகுவா சிகரத்தில் முடிகிறது. பசிபிக் மாகடலிலிருந்து வரும் மேகங்களெல்லாம் மலைக்கு அப்பால் சிலி நாட்டிலும் மலைமுடிகளிலும் தம் சுமையை இறக்கிவிடுகின்றன. இப்பால் வருவது வறண்ட காற்றுதான். ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். நாம் வறட்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் இராமநாதபுரச் சீமையில்கூட அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெய்கிறது. ஆகவே மெண்டோசாவில் வானம் பார்த்த பயிர் என்பதே கிடையாது. மலைமேல் குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் உருகி மெண்டோசா, துனுயான், தியமான்தே, அதுவேல் என்னும் ஆறுகளாக இறங்குகிறது. அந்நீரை வாய்க்காலில் திருப்பிய இடமெல்லாம் பசுமை. வாய்க்கால் முடிந்த இடத்தில் பாலை. மாநிலத்தின் பரப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் இவ்வாறு பாசனம் பெறுகிறது. அந்தச் சிறு பங்கிலிருந்துதான் அர்ஜென்டினாவின் மதுவில் பெரும்பகுதி வருகிறது.

இந்த வாய்க்கால்களை முதலில் வெட்டியவர்கள் யார்? ஸ்பானியர்கள் அல்லர். 1561-இல் பெத்ரோ தெல் கஸ்தில்யோ என்பவர் சிலியிலிருந்து மலையைக் கடந்து வந்து நகருக்குக் கால்கோள் செய்தபோது, ஹுவார்ப்பே என்னும் மக்கள் அங்கே ஆற்று நீரைத் திருப்பிச் சோளமும் பிற பயிர்களும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஒருவர் பெயர் குவாய்மல்யேன். இன்றும் நகருக்கு நீர் கொணரும் பெருவாய்க்கால் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வந்தவர்களுக்கும் வாய்க்கால் புதிதன்று. அரபியர் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் கற்பித்துச் சென்ற பாசன முறை அவர்களுடைய கையிலும் இருந்தது. வாய்க்காலுக்கு அவர்கள் வழங்கிய ‘அசேக்கியா’ என்னும் பெயரே அரபுச் சொல்லின் திரிபு. இரண்டு மரபுகளும் அந்த மலையடியில் கலந்தன.

கலந்தன என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் நிகழ்ந்ததை மிகவும் மென்மையாக்கிவிடுகிறது. ஸ்பானியர் அம்மக்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது சிலியில். ஆகவே ஹுவார்ப்பே ஆடவரைக் கூட்டங்கூட்டமாக மலைகடத்திச் சாந்தியாகோவுக்குக் கொண்டுபோயினர். பனி படர்ந்த கணவாய்களின் வழியே நடந்த அந்தப் பயணத்தில் மாண்டவர் பலர். போய்ச் சேர்ந்தவரிலும் திரும்பியவர் சிலரே. லூயிஸ் தே வால்திவியா என்னும் ஏசு சபைத் துறவி அவர்களுடைய மொழிகளில் கிறிஸ்தவ வினாவிடை நூல்களை இயற்றி 1607-இல் லிமா நகரில் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது 1578-இல். அதை இயற்றியவரும் அதே சபையைச் சேர்ந்தவர்தாம். இரண்டு நூல்களுக்கும் இடையே முப்பது ஆண்டுகூட இல்லை. நம் மொழியில் இன்று நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஹுவார்ப்பே மொழிகளோ அந்தத் துறவியின் ஏடுகளில் மட்டும் எஞ்சின.

கொடிமுந்திரி வந்ததும் அந்தத் தலைமுறையில்தான். பூசைக்கு மது வேண்டும் என்பதற்காகத் துறவிகளும், உணவோடு அருந்த வேண்டும் என்பதற்காகக் குடியேறியவர்களும் கொடியை நட்டார்கள். அது லிஸ்தான் பிரியேத்தோ என்னும் ஸ்பானிய வகை. சிலியில் அதற்குப் ‘பாயிஸ்’ என்றும், கலிபோர்னியாவில் ‘மிஷன்’ என்றும், அர்ஜென்டினாவில் ‘கிரியோல்யா’ என்றும் பெயர். வெவ்வேறு கொடிகளென்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இவை ஒன்றே என்பதை மரபணுச் சோதனைதான் நம் காலத்தில் தெளிவாக்கியது. அந்தக் கொடி அங்கேயே மஸ்கட் இனத்தோடு தானாகக் கலந்து, மணமிக்க வெள்ளைத் திராட்சையான தொர்ரொந்தேஸ் என்னும் புதுவகையையும் ஈன்றிருக்கிறது.

அந்நாளைய மது தோற்பைகளிலும் மண்சாடிகளிலும் ஏறி, மாட்டுவண்டியில் ஆயிரம் கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து புவெனஸ் ஐரிஸ் சேர ஒரு மாதத்துக்கும் மேலாகும். சேரும்போது புளித்துப் போயிருந்தால் வியப்பில்லை. எனவே கடல்கடந்து வந்த மதுவே உயர்ந்தது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. தென்னமெரிக்க விடுதலைப் படையின் தளபதி சான் மார்த்தின் இந்த மெண்டோசாவில் ஆளுநராக இருந்துதான் தம் சேனையைத் திரட்டினார். 1817-இல் ஏறத்தாழ ஐயாயிரம் வீரரோடு ஆண்டிஸைக் கடந்து சிலியை விடுவித்தார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒருமுறை விருந்துக்கு முன், மெண்டோசா மதுப்புட்டியில் ஸ்பெயினின் மாலகா மதுவின் சீட்டையும், மாலகா புட்டியில் மெண்டோசா சீட்டையும் மாற்றி ஒட்டச் செய்தாராம். விருந்தினர் சீட்டைப் பார்த்துச் சுவைத்து, உள்ளூர் மதுவை அயல்நாட்டதென்று போற்றினார்கள். உண்மையான மாலகாவைச் சுமாரானதென்று தள்ளினார்கள். சான் மார்த்தின் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னார் என்பது கதை. இத்தகைய சோதனையை நம் நாட்டுக் கதர்த்துணியைக் கொண்டும் நடத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1835 மார்ச் இறுதியில் சார்லஸ் டார்வின் இந்நகருக்கு வந்தார். நகரின் சோம்பல் தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மனிதத் தலையைப்போல் இருமடங்கு பெரிய தர்ப்பூசணி அரைப் பென்னிக்குக் கிடைத்ததை மறவாமல் குறித்துவைத்தார். அங்கிருந்து உஸ்பல்யாத்தா வழியில் மலையேறியபோது, கல்லாய்ச் சமைந்த மரங்கள் நின்ற கோலத்திலேயே இருப்பதைக் கண்டு வியந்தார்.

இனி நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. நாடுகடத்தப்பட்டுச் சிலியில் வாழ்ந்தபோது அங்குள்ள வேளாண் பண்ணையைக் கண்டு மகிழ்ந்த சர்மியென்தோ என்ற அறிஞர், பின்னாளில் நாட்டின் தலைவரானவர், மெண்டோசாவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தினார். 1853-இல் அது அமைந்தது. அதை நடத்த வந்த மிஷேல் புஜே என்னும் பிரெஞ்சுக்காரர் தம் நாட்டுக் கொடிகளின் துண்டுகளைக் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்று, தென்மேற்குப் பிரான்சின் காஓர் வட்டாரத்துக் கருந்திராட்சையான மால்பெக். மெண்டோசா உழவர் நெடுங்காலம் அதைப் ‘பிரெஞ்சுக்காரி’ என்றே அழைத்தனர். பத்தாண்டு கழிந்ததும் பிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. தாயகத்தில் நலிந்த கொடி, மலைகடந்த நாட்டில் தன் பழைய வேரிலேயே செழித்தது. மணற்பாங்கான மண்ணும் வயல் நிறையப் பாய்ச்சும் வழக்கமும் அந்தப் பூச்சிக்கு உகந்தவையாக இல்லை என்கிறார்கள்.

இதற்கிடையே, 1861 மார்ச் 20 இரவு, நிலநடுக்கம் ஒன்று நகரைத் தரைமட்டமாக்கி, மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் பலிகொண்டது. பழைய நகருக்கு அருகே அகன்ற தெருக்களோடு புதிய நகரை எழுப்பினர். ஒவ்வொரு தெருவின் ஓரத்திலும் வாய்க்கால், வாய்க்காலின் கரையில் மரம். பாலையில் கட்டிய அந்நகருக்கு நிழலைக் கொடுப்பது இன்றும் அந்த வாய்க்கால்தான்.

1884-இல் மாநிலத்தின் நீர்ச்சட்டம் நிறைவேறியது. 1885-இல் புகைவண்டி வந்தது. இவ்விரண்டுமே மெண்டோசாவை உருவாக்கியவை என்பேன். புகைவண்டி மதுவுக்குச் சந்தையைக் கொடுத்தது. சட்டம் கொடிக்கு நீரைக் கொடுத்தது. அச்சட்டத்தின்படி பாசன உரிமை நிலத்தோடு பிணைந்தது. நிலத்தை விட்டு நீரை மட்டும் பிரித்து விற்க இயலாது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்களே கண்காணிப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். முறைவைத்து மடை திறப்பதற்கு ஓர் ஆள் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டியின் தொழிலை அப்படியே செய்பவர் அவர்! அந்த வரியைப் படித்தபோது ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன்.

ஆற்றை அடக்கி நீரைப் பங்கிட, 1880-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து செசரே சிப்போலெட்டி என்னும் பொறியியலாரை அழைத்தனர். லுஹான் என்னும் இடத்தில் மெண்டோசா ஆற்றின் குறுக்கே அவர் கட்டிய அணை அவர் பெயரால் வழங்குகிறது. நம் நாட்டில் நீர்ப்பொறியியல் படித்த நேயர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. வாய்க்காலில் ஓடும் நீரின் அளவை அறிய, நான்குக்கு ஒன்று என்ற சரிவில் இருபக்கமும் சாய்த்து வெட்டிய நீர்வாய்க்குச் ‘சிப்போலெட்டி’ என்றே நம் பாடநூல்களும் பெயர் சொல்லுகின்றன.

பின்னர் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் கப்பல் கப்பலாக வந்தன. முதலாளிக்குச் சொந்தமான தரிசில் வாய்க்கால் வெட்டி, கொடி நட்டு, சில ஆண்டுகள் வளர்த்துக் கொடுத்தால், பிழைத்து நிற்கும் கொடிக்கு இவ்வளவு என்று கூலி. அதில் மிச்சம் பிடித்துத் தமக்கென ஒரு துண்டு நிலம் வாங்கியவர்களும் உண்டு. வாங்க முடியாமலே முதுமை எய்தியவர்களும் உண்டு. புகைவண்டி வருமுன் சில ஆயிரம் ஹெக்டேராக இருந்த கொடித்தோட்டம் 1910-ஐ ஒட்டி நாற்பதாயிரம் ஹெக்டேரைக் கடந்துவிட்டது.

மிகுதியாக விளைந்தால் என்ன ஆகும் என்பது உழவருக்குத் தெரிந்ததே. உலகப் பொருளாதார மந்தத்தின்போது மது விலைபோகவில்லை. 1934-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை நிறுவியது. விலையை நிறுத்தும்பொருட்டு அவ்வாரியம் பல ஆயிரம் ஹெக்டேர்க் கொடிகளை வேரோடு பிடுங்கச் செய்தது. மதுவை வாய்க்காலில் கொட்டச் செய்தது. மலைப்பனி உருகி வந்த அதே வாய்க்காலில் செந்நிற மது ஓடியது. பிடுங்கியவர்களில் பலர் நட்டவர்களே.

1970-ஐ ஒட்டி அந்நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்குத் தொண்ணூறு லிட்டர் மது செலவாயிற்று; பிறகு அது இறங்கிக்கொண்டே வந்து, 2020-களில் இருபது லிட்டருக்கும் கீழே சென்றுவிட்டது. அளவு குறைந்த காலத்தில் தரம் தேடவேண்டியதாயிற்று. மால்பெக் கொடிகூட, ஐம்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 1990-க்குள் பத்தாயிரம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்போதுதான் தோட்டங்கள் மலைமேல் ஏறத் தொடங்கின.

அதற்கு முன்னரும் மலைத்தோட்டம் இல்லாமலில்லை. வடக்கே சால்தா மாநிலத்தில் 1831-இல் தொடங்கிய கொலோமே பண்ணை 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பண்ணையார் பின்னாளில் 3,111 மீட்டரிலும் கொடி நட்டனர். ஆனால் மெண்டோசாவில், உயரப் போனால் பழம் பழுக்காது என்பதே பெரியோர் வாக்காக இருந்தது. பொருளியல் பேராசிரியராகவும் இருந்த நிக்கோலாஸ் கத்தேனா என்பவர், இத்தாலியிலிருந்து வந்த பாட்டனார் 1902-இல் தொடங்கிய தொழிலை ஏற்றவர், 1992-இல் ஊக்கோ பள்ளத்தாக்கின் குவால்தல்யாரி என்னுமிடத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் தோட்டமிட்டார். அவருடைய தோட்டத் தலைவரே வேண்டாமென்று தடுத்தாராம். பழம் பழுத்தது.

காரணம் எளிதுதான். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 பாகை குறையும். பகலில் வெயில் காய்ந்து, இரவில் மலைக்காற்று இறங்கிக் குளிர்ந்தால், பழத்தில் இனிப்பு ஏறுவதோடு புளிப்பும் தங்கும். மேலே காற்று மெலிந்திருப்பதால் கதிரவனின் ஊதாக்கடந்த கதிர்கள் வலுப்பெறும்; அதற்குக் காப்பாகப் பழம் தன் தோலைத் தடிப்பாக்கிக்கொண்டு, நிறத்தையும் துவர்ப்பையும் மிகுதியாகத் திரட்டும். இன்னலும் உண்டு: வசந்தத்து உறைபனி, சோந்தா என்னும் வெங்காற்று, எல்லாவற்றிலும் கொடிய ஆலங்கட்டி. அரை மணி நேர ஆலங்கட்டியில் ஓராண்டு உழைப்புப் போய்விடும். அதனால்தான் மைல்கணக்கில் கொடிகளுக்கு வலைபோர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பள்ளத்தாக்கின் மேற்சரிவுகளுக்குப் பழைய வாய்க்கால் எட்டாது. அங்கே ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயுமே துணை. சொட்டுநீர் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முன்பு வயலில் பாய்ந்த நீரில் ஒரு பகுதி கசிந்து கீழூர்க் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது மேலேயே தீர்ந்துவிடுகிறது. தலைமடை மலைமேல் ஏறிவிட்டது என்று சொல்லலாம். 2010 முதல் பல ஆண்டுகள் மலையில் பனியும் குறைவாகவே விழுந்தது. அந்நிலையில் 2019 டிசம்பரில், நச்சுப்பொருளைக் கொண்டு கனிமம் பிரிப்பதைத் தடுத்த 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில அரசு தளர்த்தியபோது, ஊக்கோ பள்ளத்தாக்கிலிருந்து மக்கள் தலைநகரை நோக்கி நடந்தே வந்தனர். அறுவடைத் திருவிழாவின் அரசிகளாகத் தேர்வுபெற்ற இளம்பெண்களும் அவர்களோடு நின்றனர். பத்து நாட்களில் திருத்தம் நீக்கப்பட்டது. கொடிக்காக வெட்டிய வாய்க்கால் ஒரு மக்கள் கூட்டத்தையே ஒன்றாகக் கட்டியிருந்தது என்பது அப்போது தெரிந்தது.

அந்த வாய்க்காலின் வால்முனையைப் பற்றிச் சொல்லாமல் நான் முடிக்க இயலாது. மெண்டோசா ஆறும் சான் ஹுவான் ஆறும் முன்பு வடகிழக்கே குவானகாச்சே என்னும் ஏரிக்கூட்டத்தில் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய ஹுவார்ப்பே மக்கள் பலர் அங்கே ஒதுங்கி, கோரைத் தோணியில் மீன்பிடித்து நகருக்கு விற்று வாழ்ந்தார்கள். 1920-களின் இறுதியில் ஆல்பிரட் மெத்ரோ என்னும் மானிடவியலார் அங்கே சென்று அம்மக்களைப் பற்றி எழுதினார். தோட்டங்கள் பெருகப் பெருக, ஆறு ஏரியை எட்டவில்லை. ஏரிகள் ஒவ்வொன்றாக வற்றின. அவற்றைச் சூழ்ந்திருந்த அல்கர்ரோபோ மரங்களையும் கொடிக்குக் கம்பமாகவும் அடுப்புக்கு விறகாகவும் வெட்டிப் புகைவண்டியில் ஏற்றிச் சென்றனர். நாம் சீமைக்கருவேலம் என்று வைது வேரறுக்கிறோமே, அதன் இனத்து மரம்தான் அது. அங்கே அதுவே நிழல். அதன் காயே ஆட்டுக்கும் ஆளுக்கும் உணவு.

2001-இல் மாநிலச் சட்டம் ஒன்று ஹுவார்ப்பே மக்களை அந்நிலத்தின் ஆதிக்குடிகளென ஏற்று, லவாஜே வட்டாரத்தின் பாலையில் அவர்களுக்கு நிலவுரிமை வழங்க வகைசெய்தது. நிலத்தைத் தர வகைசெய்த சட்டத்தால், ஏரிக்கு ஆற்றைத் திருப்பித் தர முடியவில்லை. அவர்கள் வெள்ளாடு வளர்க்கிறார்கள். கிணற்று நீரில் பல இடங்களில் உப்பும் பாஷாணமும் கலந்திருக்கின்றன. அவர்களுடைய முன்னோர் வெட்டிய வாய்க்கால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நகரத்து மரங்களின் அடியில், குவாய்மல்யேனின் பெயரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.